ராணி எந்தப் பக்கம் ஓடினாள்

அந்த வெள்ளைப் புடவை புதிதாகத் தெரியக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கடை மடிப்புக்கூடக் கலையாத புடவை. படத்தில் ராஜா போரில் செத்துப்போகிறார், ராணி வெள்ளை உடுத்துகிறாள். அது பளிச்சென்று இருந்தால் அந்தக் காலத்து வெள்ளை மாதிரி இருக்காதாம். டீத்தூளைக் கொதிக்கவிட்டு அதில் முக்கி எடுங்கள் என்றார் சென்னையிலிருந்து வந்திருந்த உடை டிசைனர் மேடம். காப்பி விளைகிற தாண்டிக்குடியில் இருந்துகொண்டு துணிக்குச் சாயமேற்ற டீத்தூளைக் காசு கொடுத்து வாங்குவார்களா? வீட்டில் கிடந்த காப்பித்தூளைப் பெரிய அலுமினியச் சட்டியில் போட்டுக் கொதிக்கவிட்டேன். மதினி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒரு கம்பை வைத்துப் புடவையைக் கிண்டிக்கொண்டிருந்தாள். ஜீப்பைக் கழுவிவிட்டு உள்ளே வந்த அண்ணன், "என்னத்தப் போட்டுக் கிண்டுறீங்க?" என்று கேட்டான். "நாளக்கி நான் கட்டப்போற சேல" என்றாள் மதினி. அவன் சட்டியையும் அவளையும் ஒருமுறை பார்த்தான். அதன் பிறகு சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

நான் தாண்டிக்குடி கடைவீதியில் தையல் கடை வைத்திருக்கிறவள். கட்டிக் கொடுத்த இடம் எனக்கு ஒத்துவரவில்லை. ஒரு பெட்டியையும் தையல் மிஷினையும் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டேன். ஊரே ஏன் வந்தாய் என்று கேட்டபோது, மிஷினை எந்த ஜன்னலோரம் போடலாம் என்று கேட்டவள் மதினி. வயது நாற்பதைத் தாண்டியும் அந்த வீட்டில் எனக்குப் பெயர் பாப்பாதான். மதினியைப் பெற்றவர்கள் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். வந்த இடத்திலும் தோட்ட வேலைதான் கிடைத்தது. அவளும் காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். கோபம் வந்தால் எங்கள் வீட்டைத் தோட்டக் கூலிகளின் வரிசை வீடாக்கி, "இந்த லயத்துல மனுசன் இருப்பானா" என்பாள். கோபம் அவளுக்கு அடிக்கடி வரும். அண்ணனுக்கு அதைவிட அடிக்கடி வரும். ஆசையாக ஒரு வார்த்தை அவர்கள் பேசிக்கொண்டு நான் கேட்டதில்லை. பிள்ளையும் இல்லை, நடுவில் நின்று சமாதானம் பண்ணுவதற்கு நான் ஒருத்திதான். சண்டை போடுவதற்காகவே கட்டிக்கொண்டார்களோ என்று எனக்கே பல நாள் தோன்றியிருக்கிறது.

படக்காரர்கள் வந்தார்கள். ஏதோ ஒரு பழைய காலத்து ராணி, புருஷன் செத்த பிறகு தானே நாட்டை ஆண்டவள், அவளைப் பற்றிய படம். ஊருக்கு மேலே எஸ்டேட்டில் சும்மா கிடந்த ஒரு மேட்டை வாடகைக்குப் பிடித்து அதில் கோட்டை கட்டினார்கள். பிளைவுட், இரும்புக் குழாய், தெர்மாகோல், அதன் மேல் பிளாஸ்டர், அதன் மேல் கருங்கல் நிறப் பெயிண்ட். வாசலில் இரண்டு பக்கமும் சிங்கத் தூண்கள். கையால் தட்டினால் பெட்டியைத் தட்டுகிற மாதிரி சத்தம் வரும். கிரேன் என்ன, ஜெனரேட்டர் வண்டிகள் என்ன, நடிகைக்கு வீடு மாதிரி ஒரு வண்டி என்ன, எங்கள் ரோட்டில் அப்படியொரு ஊர்வலத்தை நாங்கள் கண்டதில்லை. மேகம் தானாக வந்து உட்காரும் மலைக்கு லாரியில் புகை மிஷின் ஏற்றிக்கொண்டு வந்த புத்திசாலிகள். கடைசியில் அதே ஆட்கள்தான் மேகம் எப்போது விலகும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். எனக்கு உடைப் பிரிவில் வேலை கிடைத்தது. அண்ணனின் ஜீப்பையும் வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். வத்தலக்குண்டுக்கு இறங்கிப் போய் காய்கறி, பூ, ஆணி, பெயிண்ட் என்று கேட்டதையெல்லாம் ஏற்றி வருவது அவன் சோலி.

மதினியைக் கூட்டத்தில் நிற்கத்தான் முதலில் கூப்பிட்டார்கள். தலையில் குடத்தை வைத்துக்கொண்டு கோட்டை வாசலுக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். டைரக்டர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு அவள் நடந்து போவதையே பார்த்தாராம். நடிகையின் உயரம், நடிகையின் தோள். முகம் வேறு, ஆனால் முகத்தை யார் கேட்டார்கள்? தூரத்தில் நடப்பதற்கும் முதுகைக் காட்டுவதற்கும் ஒரு ஆள் வேண்டும். அதற்கு டூப் என்று பெயர். மறுநாளிலிருந்து மதினி டூப் ராணி. வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள், "நடக்குறதுக்குக் கூலி தராங்க பாப்பா. முதுகுல மூட்ட இல்லாம நடக்குறதுக்கு." அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை. மூட்டை சுமந்த உடம்பா அது என்று கேட்கும்படி நிமிர்ந்து நடப்பாள். கிரீடத்தைத் தலையில் வைத்துவிட்டால் சாப்பாட்டு வரிசையில்கூட யாரும் அவளை முந்த மாட்டார்கள்.

வந்த சிக்கல் தாலி. அந்தக் காலத்து ராணிக்கு மஞ்சள் கயிறு கிடையாதாம், கழற்றச் சொன்னார்கள். "கழுத்த வேணா கழட்டிக்கங்க" என்றாள் மதினி. டிசைனர் மேடம் என்னைப் பார்த்தார், நான் மதினியைப் பார்த்தேன். கடைசியில் கச்சையின் உள்பக்கத்தில் சின்னதாக ஒரு பை தைத்தேன். கயிற்றைக் கழுத்தின் பின்பக்கமாகத் தழையவிட்டு, தாலியை அந்தப் பைக்குள் போட்டு ஊசி குத்திவிட்டால் வெளியில் ஒன்றும் தெரியாது. இப்படி மறைப்பதே அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. அதற்கு மேல் வெள்ளைப் புடவை என்றதும் சுத்தமாகப் பொறுக்கவில்லை. நடிகை வேறொரு படத்துக்குப் போய்விட்டார். ராஜாவின் பாடைக்கு ராணி நடந்து வந்து மேலே விழுந்து அழும் காட்சியைத் தூரத்திலிருந்து மதினியை வைத்து எடுத்துவிடுவதாக ஏற்பாடு.

சேலையைக் காப்பியில் முக்கிய மறுநாள் வெள்ளனே எழுந்து ஜீப்பை எடுக்கப் போன அண்ணன் வாசலில் நின்றான். ராத்திரியெல்லாம் மழை, அப்போதும் தூறிக்கொண்டுதான் இருந்தது. "பொட்டு இல்லாம வெள்ளையக் கட்டிக்கிட்டு நீ நிக்கிறத நான் பாக்கணுமா?" என்றான். மதினி அடுப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "நீங்க எதுக்குப் பாக்குறீங்க? ஒங்க சோலி ஜீப்பு ஓட்டுறது. போயிப் பூவக் கொண்டாங்க." பாடைக்கு வேண்டிய பூவை எடுத்து வரத்தான் அன்றைக்கு அவன் கீழே போக வேண்டியிருந்தது. அவன் வண்டியை எடுத்தான். கதவை அறைந்து சாத்திய சத்தம் மட்டும் கேட்டது. அவனுக்குப் போட்ட காப்பி ஆறிப்போய் அப்படியே இருந்தது, அதை நான் குடித்தேன்.

மேட்டில் எல்லாம் தயாராக இருந்தது. கோட்டை வாசலுக்கு முன்னால் பாடை. அதில் ராஜாவுக்குப் பதிலாகப் பழனியிலிருந்து வந்த ஒரு துணை நடிகர், கண்ணை மூடிக்கொண்டு, போர்வைக்குள் குளிரில் நடுங்கிக்கொண்டு. பாடைக்கு நேர் எதிர்ப்பக்கம் மேடு முடிந்து சரிவு. காப்பிச் செடியும் சவுக்கு மரமுமாகக் கீழே இறங்கி, அத்திமர வளைவில் போய் ரோட்டைத் தொடும். ரோடு என்றால் வத்தலக்குண்டிலிருந்து ஏறி வரும் ரோடு. மேகம் இல்லாவிட்டால் அந்த வளைவு மேலேயிருந்து தெரியும். அன்றைக்குப் பக்கத்தில் நிற்கிறவர் முகமே தெரியவில்லை. மதினிக்குப் பொட்டை அழித்து, முடியை அவிழ்த்துவிட்டு, புடவையைச் சுற்றிவிட்டது நான்தான். பூவுக்காகவும் வெளிச்சத்துக்காகவும் காத்திருந்தோம். இரண்டும் வரவில்லை.

பத்து மணிக்கு வர வேண்டிய ஜீப் மதியம் வரை வரவில்லை. அங்கே போன் எடுக்காது. கோட்டையின் பின்னால் ஒரு பாறை மேல் ஏறி நின்றால் மட்டும் எப்போதாவது எடுக்கும். புரொடக்‌ஷன் மேனேஜர் அங்கே ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். ஒருமுறை இறங்கி வந்து, "கீழ ரோட்டுல மண்ணு சரிஞ்சிருச்சாம். ஒரு ஜீப்பு உருண்டுருச்சுன்னு சொல்றாங்க. இப்ப பூவுக்கு என்ன சார் பண்றது?" என்று டைரக்டரிடம் கேட்டார். பூவுக்கு என்ன பண்றதாம்! எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஓட்டிப்போனவன் ஒரு மனுஷன், அவனுக்கு வீடு இருக்கிறது, பெண்டாட்டி இருக்கிறாள், அவள் இந்தா நிற்கிறாள் என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். மதினியின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. ஐஸ் மாதிரி இருந்தது. "சொல்லாத பாப்பா. இந்தச் சேலையோட நின்னு நாம அதச் சொல்லக் கூடாது. சொன்னா நெசமாயிரும்."

போய்விடலாம் மதினி, வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றேன். எங்கே போவது என்றாள். ரோடு அடைபட்டிருக்கிறது, கீழே இறங்கவும் வழியில்லை, வீட்டுக்குப் போய் என்ன செய்வது? அழுதால் செத்துப்போனவனுக்கு அழுவது மாதிரி ஆகிவிடும் என்று கண்ணைத் துடைக்கக்கூட இல்லாமல் நின்றாள். உதடு மட்டும் என்னவோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. சாமியைக் கும்பிட்டாளா, அண்ணனைத் திட்டினாளா, எனக்குத் தெரியவில்லை. நான் பயந்துபோயிருந்தேன். அவன் என் அண்ணன். எனக்கும் போக்கிடம் என்று இருந்தது அவன் ஒருத்தன்தான்.

அப்போது பார்த்து மேகம் விலகியது. வானம் திறந்து மேட்டின் மேல் ஒரு வெளிச்சம் விழுந்தது, படக்காரர்கள் பைத்தியம் பிடித்த மாதிரி ஓடினார்கள். பூ வேண்டாம், காகிதப் பூ போதும், லைட் போகுது, போகுது. உதவி டைரக்டர் வந்து, "அக்கா, நேரா நடந்து போங்க. பாடைகிட்ட போய் அவர் மேல விழுந்து அழுங்க. முகம் தெரியாது, தோள் குலுங்கினா போதும்" என்றார். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, அவரைக் குறை சொல்லி என்ன? ஜெனரேட்டர் வண்டிகளைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். சைலன்ஸ் என்று கத்தியதும் அவ்வளவு பெரிய கூட்டம் மூச்சுக்கூட விடாமல் நின்றது. மதினி நடந்தாள். பாடையை நெருங்க நெருங்க அவள் நடை சின்னதாகிக்கொண்டே வந்தது. அங்கே படுத்திருந்தவரின் முகத்தை அவள் பார்த்தாள். அவள் கண்ணுக்கு அது யாருடைய முகமாகத் தெரிந்திருக்கும்?

அவள் விழ வேண்டிய இடத்தில் விழவில்லை. நின்றாள். கீழேயிருந்து, மேகத்துக்குள்ளிருந்து, ஒரு ஹாரன் சத்தம். நீளமாக ஒரு தடவை, விட்டு இன்னொரு தடவை. எனக்கு அது ஏதோ ஒரு வண்டி. மதினி பாடைக்கு முதுகைத் திருப்பினாள். அடுத்த கணம் ஓடினாள். மேட்டைக் குறுக்கே வெட்டி, வெள்ளைப் புடவை காலில் சிக்கச் சிக்க அதை முழங்கால் வரைக்கும் அள்ளிப் பிடித்துக்கொண்டு, சரிவைப் பார்த்து ஓடினாள். கேமரா அவள் பின்னாலேயே திரும்பியது. கட் என்று யாரும் சொல்லவில்லை. அவள் விளிம்பில் இறங்கி மறைந்த பிறகுதான் சொன்னார்கள். நான் என் சால்வையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். காப்பிச் செடிக்குள் உட்கார்ந்தும் சறுக்கியும் எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. அவளை என்னால் எட்டிப் பிடிக்க முடியவில்லை.

ரோட்டில் அத்திமரத்துக்குக் கொஞ்சம் கீழே அண்ணன் நடந்து வந்துகொண்டிருந்தான். தலையில் பூ மூட்டை, இடுப்பு வரைக்கும் சேறு. மண் சரிந்த இடத்துக்கு அந்தப் பக்கமே ஜீப்பை நிறுத்திவிட்டு, மேலே இருக்கிறவர்கள் யாராவது உதவிக்கு வருவார்களா என்று ஹாரன் அடித்துப் பார்த்திருக்கிறான். ஒருவரும் வரவில்லை, சரி என்று மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மண்ணின் மேல் ஏறிக் கடந்து வந்திருக்கிறான். உருண்டது ஒரு பாறை. வாய் மாறி வாய் மாறி மேலே வருவதற்குள் அது ஜீப் ஆகிவிட்டது. உயிரோடு நடந்து வருகிற என் அண்ணனைப் பார்த்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். மதினி எனக்கு முன்னால், அவனுக்கு நேர் எதிரே நின்றாள். அவன் பார்த்தது என்ன? நெற்றியில் பொட்டில்லாமல், கழுத்தில் ஒன்றும் இல்லாமல், தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, வெள்ளைச் சேலையில் தன் பெண்டாட்டி. மேகத்துக்குள்ளிருந்து வந்து நிற்கிறாள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

அவளுக்கு மூச்சு வாங்கியது, பேச்சு வரவில்லை. ஒரே ஒரு நிமிஷம் கிடைத்திருந்தால் பேசியிருப்பாள். அதற்குள் எங்கள் பின்னாலேயே அந்த மேனேஜர் விழுந்தடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். நாங்கள் ஹாரன் கேட்டு ஓடியதைப் பார்த்துவிட்டு, பூ வண்டி வந்துவிட்டது, அதை வாங்கத்தான் ஓடுகிறோம் என்று நினைத்துக்கொண்டார். "பூ வந்துருச்சா? சீக்கிரம் குடுங்கம்மா, லைட் போகுது!" அண்ணன் அவரைப் பார்த்தான். பிறகு மதினியைப் பார்த்தான். மூட்டையைத் தலையிலிருந்து ரோட்டில் போட்டான்; சாமந்தி சிதறி ஓடியது. "பூவுக்கா வந்த? இந்தா கெடக்கு. கொண்டுபோயிப் போட்டு அழு." சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தான். மதினி ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

மேலே போனால் அவர்களுக்கு ஒரு சம்பிரதாயம் நடந்துகொண்டிருந்தது. பிணமாக நடித்தவரைக் கடைசியில் கண்ணைத் திறந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்வார்கள். அவருக்கு ஆகாதது எதுவும் வந்துவிடக் கூடாது என்பதற்காக. பழனிக்காரர் சிரித்தார், எல்லோரும் கை தட்டினார்கள். வயதான கேமராமேன் ஒருவர் மதினியையும் தேடினார். பொட்டு வைத்துக்கொண்டு வந்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போம்மா, உனக்கும் நல்லது என்றார். நல்ல மனுஷன். "இனிமே சிரிச்சு என்னங்க ஆகப்போகுது" என்று சொல்லிவிட்டு மதினி உடையை மாற்றப் போனாள். கச்சைக்குள் இருந்த ஊசியை நான்தான் எடுத்தேன். அவள் தாலியை எடுத்து வெளியே போட்டுக்கொண்டு நடந்தாள்.

அண்ணனிடம் நான் சொல்லாமல் இருப்பேனா? அன்றைக்குச் சாயங்காலமே சொன்னேன். ஹாரன் சத்தம் கேட்டுத்தான் அண்ணே மதினி ஓடுச்சு, ஒனக்காகத்தான் ஓடுச்சு. "அம்புட்டுக் கூட்டம், அம்புட்டு மிஷினு ஓடுற எடத்துல என் ஹாரனாக்கும் கேக்கும்? அந்தாளு பூவுக்குன்னு வாய் விட்டுச் சொன்னானே, நான் செவிடனா?" என்றான். தாலி உள்ளேதான் இருந்தது, நான்தான் பை தைத்தேன் என்றேன். "அதத் தச்சவ நீ, வெள்ளையக் கட்டிவிட்டவளும் நீ. நீயே சாட்சியா?" என்று கேட்டுவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த கத்தரிக்கோலைத் தூக்கி மூலையில் எறிந்தேன். மதினியையாவது வாயைத் திறந்து சொல்லச் சொன்னால் அவளும் அசையவில்லை. "ஓடி வந்தது கண்ணுல தெரியாத ஆளுக்கு வாயால சொன்னாத் தெரிஞ்சிருமா? நீயும் இனிமே அவருகிட்டப் பேசாத பாப்பா. எனக்குக் கேவலமா இருக்கு."

சண்டை நின்றுபோயிற்று. அதுதான் பயமாக இருந்தது. அவள் எதிரேயே நிற்பாள், அவன் என்னைப் பார்த்து, "பாப்பா, சோறு இருக்கான்னு கேளு" என்பான். அவள் தட்டைக் கழுவிக்கொண்டே, "இருக்குன்னு சொல்லு பாப்பா" என்பாள். மாதக் கணக்காக இதே கூத்து. கோட்டையைப் பிரித்து ஏற்றிக்கொண்டு படக்காரர்கள் போனார்கள். மழை வந்தது, காப்பி பூத்தது, காய்த்தது, இந்த வீட்டில் மட்டும் ஒன்றும் மாறவில்லை. கடைசியில் ஒருநாள் அவன் சொன்னான், திருப்பூரில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்ட ஆள் கேட்கிறார்கள், போகிறேன், அங்கேயே தங்கிக்கொள்வேன். "சொல்லிரு" என்றான். மதினிக்கு அது கேட்டுவிட்டது. அன்றைக்குத் தோட்டத்துக்குப் போகிறவள் சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டுப் போனாள். வீடு உடைகிறது என்று எனக்குத் தெரிந்தது, கையில் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை.

படம் வந்தது அந்த வாரம்தான். அதைப் பற்றி இப்போதும் பேசுகிறார்கள். அந்த மேட்டைப் பார்க்க இன்றைக்கும் ஜீப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். அங்கே இப்போது புல்லும் இரண்டு இரும்புக் கம்பியும்தான். பிணத்தின் மேல் விழுந்து அழாமல் ராணி திரும்பி ஓடுகிற காட்சிக்காகவே அந்த நடிகைக்கு அவ்வளவு பாராட்டு. டைரக்டருக்கு அந்த ஓட்டம் பிடித்துப்போய்க் கதையையே மாற்றிவிட்டாராம். ராணி அழ மறுத்துப் படை திரட்ட ஓடுகிறாள் என்று. நடிகை பிறகு சென்னையில் பச்சைத் துணிக்கு முன்னால் நின்று மூச்சு வாங்கிக் கொடுத்தார், அதையும் இதையும் ஒட்டிவிட்டார்கள். வத்தலக்குண்டு தியேட்டரில் நம் முகம் வருகிறதா என்று பார்க்க ஊரே கிளம்பியது. மதியக் காட்சிக்கு ஜீப் வேண்டும், ஜீப் என்றால் அண்ணன்தான். வாடகைக்கு ஓட்டுகிறவன், பெண்டாட்டி ஏறுகிறாள் என்பதற்காக மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அவள் பின்னால் கடைசியில் ஏறி உட்கார்ந்தாள், அவன் முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினான்.

தியேட்டர் வாசலில் அவன் வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டான். நான் விடவில்லை. "திருப்பூருக்குப் பொட்டியக் கட்டிட்ட. ஊருசனம் மூஞ்சியவாச்சும் கடைசியாப் பாத்துட்டுப் போ" என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். நாலு பேர் பார்க்கிறார்களே என்று வந்தான். மதினி ஒரு ஓரம், நடுவில் நான், எனக்கு இந்தப் பக்கம் அவன். படம் ஓடியது. குடத்தோடு நிற்கிறவர்களைப் பார்த்து ஊர்க்காரர்கள் விசிலடித்தார்கள். பிறகு அந்த மேடு வந்தது. கோட்டை வாசல், பாடை, அவ்வளவு பெரிய திரையில் வெள்ளைப் புடவையில் ஒரு முதுகு. நம்பினால் நம்புங்கள், அந்த முதுகைப் பார்த்ததும் அண்ணன் உட்கார்ந்த இடத்தில் நிமிர்ந்துவிட்டான். தினம் தினம் பார்க்கிற முதுகு அவனுக்குத் தெரியாதா?

அவள் நடக்கிறாள். நடை சின்னதாகிறது. நிற்கிறாள். தியேட்டரில் அந்த இடத்துக்கு ஏதோ வயலினும் மேளமும் போட்டிருந்தார்கள். ஹாரன் சத்தம் எங்கே இருக்கப்போகிறது? ஆனால் அவள் நின்றதும், தலை ஒரு பக்கம் சாய்ந்து காது கொடுத்ததும், இன்னொரு தடவை காது கொடுத்ததும் அப்படியே இருந்தது. திரும்பினாள், ஓடினாள். கேமரா அவள் பின்னால் போனது. அவள் தலைக்கு அப்பால், கீழே மேகம் கிழிந்த இடத்தில், அத்திமரம். அந்த ரோட்டில் வயதெல்லாம் ஜீப் ஓட்டியவன் அண்ணன். "அது நம்ம அத்திமர வளைவு" என்றான். எழுந்து நின்றுவிட்டான். பின்னாலிருந்து, "ஏலே, ஒக்காருலே, மறைக்குது" என்று கத்தினார்கள். அவன் உட்காரவில்லை. திரையில் அவள் புடவையை முழங்கால் வரைக்கும் அள்ளிக்கொண்டு விளிம்பில் இறங்கி மறைகிற வரைக்கும் நின்றான். பிறகு உட்கார்ந்து, என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரி, "ரெண்டு தடவ அடிச்சேன் பாப்பா. ரெண்டும் கேட்டுருக்கு" என்றான். மதினி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் விட்டு வெளியே வந்து யாரும் யாருடனும் பேசவில்லை என்றால் அது பொய். ஊர்க்காரர்கள் வழியெல்லாம் காட்டுக் கத்தலாகப் பேசிக்கொண்டுதான் வந்தார்கள். நாங்கள் மூன்று பேர்தான் பேசவில்லை. வண்டி மலை ஏறியது. வெளிச்சம் இன்னும் இருந்தது. அத்திமர வளைவு வந்ததும் அண்ணன் ஜீப்பை ஓரம் கட்டி நிறுத்தினான். என்னாச்சு, டயரா, ஏன் நிப்பாட்டுன என்று ஆளுக்கு ஒன்று கேட்டார்கள். அவன் இறங்கிப் போய் மரத்தடியில் நின்று, தலையை அண்ணாந்து மேட்டைப் பார்த்தான். மேலேயிருந்து கீழே வரைக்கும் காப்பிச் செடியும் பாறையுமாகச் செங்குத்தாக இருந்தது. மேலே பார்த்தான், ரோட்டைப் பார்த்தான், மறுபடியும் மேலே பார்த்தான். பிறகு ஜீப்பின் பின்பக்கமாக நடந்து வந்தான். நான் ஓரமாக நகர்ந்துகொண்டேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"இம்புட்டுச் சரிவுலயா எறங்கி வந்த?" என்று மதினியிடம் கேட்டான்.

அவள் தலையைத் திருப்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நான் எங்க சரிவப் பாத்தேன்" என்றாள்.